கேணியில் இறங்காத கால்

ஹம்மர்பெஸ்ட் துறைமுகம் உறைவதில்லை. வட அகலாங்கு 70 பாகையையும் தாண்டிய ஊர் அது. நவம்பர் பிற்பகுதியில் மறைகிற சூரியன் ஜனவரி பிற்பகுதியில்தான் திரும்பவும் தலைகாட்டும். இதே அகலாங்கில் சைபீரியக் கரையில் கடல் மாதக்கணக்கில் கல்லாகிக் கிடக்கிறது. இங்கே மட்டும் கப்பல் வருகிறது, போகிறது. அத்திலாந்திக்கின் தெற்கிலிருந்து நோர்வேயின் கரையோரமாக ஏறி வரும் வெப்ப நீரோட்டம்தான் காரணம். வெப்பம் என்ற சொல்லை அங்கே நின்றுகொண்டு சொன்னால் சிரிப்பார்கள். கையை விட்டால் நிமிடத்தில் விறைத்துவிடும் நீர் அது. ஆனாலும் சுற்றியிருப்பதை விடச் சில பாகை கூடிய நீர் ஓர் ஊரையே உயிரோடு வைத்திருக்கிறது.

வேலை விடயமாக அங்கே சில நாட்கள் நின்றுவிட்டு ஒஸ்லோ திரும்பியபோது, எனக்குத் தெரிந்த ஓர் அண்ணையிடம் அந்த ஊரைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு என்னை விட நன்றாக அது தெரிந்திருந்தது. 1988இல் அங்கே மீன் தொழிற்சாலையில் வேலை தொடங்கியவர். கீழிருந்து வெளிச்சம் அடிக்கும் கண்ணாடி மேசையில் கொட் மீன் துண்டுகளை வைத்து, முள்ளையும் புழுவையும் பார்த்துப் பார்த்து எடுக்கிற வேலை. ஈரத்தரை, இறப்பர் சப்பாத்து, எட்டு மணித்தியாலம் நிலையான நிற்பு. அவருக்கு இடக்கால் சூம்பின கால். மூன்று வயதில், 1964இல், போலியோ வந்தது. ஒற்றைக் காலில் ஐந்து வருடம் நின்றேன் என்று அவர் சொல்வது பகிடிக்கு அல்ல. பாரம் முழுவதையும் வலக்கால்தான் சுமந்தது.

இப்போது அந்த வலக்கால்தான் அவரைக் கைவிடுகிறது. படியேற முடியவில்லை, இரவில் கால் குத்துகிறது, பகலில் காரணமில்லாத களைப்பு. வைத்தியர் இளஞ்சூட்டு நீரில் பயிற்சி செய்யும் குழு ஒன்றுக்குப் போகச் சொன்னார். அண்ணை இரண்டு வருடம் போகவில்லை. கேட்டபோது ஒரே ஒரு வசனம் சொன்னார்: "தம்பி, கீரிமலையிலையே நான் ஒருநாளும் கேணிக்குள்ளை இறங்கேல்லை. மேல் படியிலை இருந்து வாளியாலைதான் குளிச்சனான்."

இந்தக் கட்டுரை அந்த வசனத்திலிருந்து பிறந்தது.

கீரிமலை எங்களுக்கு நோய் தீர்க்கும் நீரின் ஊர். கீரி முகம் கொண்ட நகுல முனிவர் அங்கே நீராடி மனித முகம் பெற்றார் என்பது ஒரு கதை. குதிரை முகத்தோடு வந்த சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி அதே நீரில் நீராடி முகம் மாறினாள் என்பது இன்னொன்று. மா விட்ட புரம், குதிரை முகம் நீங்கிய ஊர், மாவிட்டபுரம் ஆயிற்று. கந்தசுவாமி கோயிலை அவளே கட்டுவித்தாள் என்பார்கள். இரண்டு கதையிலும் வருவது காய்ச்சலோ தலைவலியோ இல்லை. பிறர் பார்வையில் உருக்குறை என்று எண்ணப்பட்ட ஒன்று. அந்தக் குறையோடு ஊருக்குள் வாழ இடமில்லாத ஒருவர் தண்ணீரைத் தேடி வருகிறார். தண்ணீர் அவரை மற்றவர்களைப் போல ஆக்கிவிடுகிறது. ஊர் எதையும் மாற்றத் தேவையில்லை.

கடலிலிருந்து சில அடி தூரத்தில் நன்னீர் ஊறும் அந்தக் கேணிக்கு இறங்கப் படிகள் உண்டு. காலில்லாதவர் இறங்க வழியில்லை. ஆடி அமாவாசைச் சனத்துக்குள் அண்ணை போன்ற ஒருவருக்கு மேல் படியும் வாளியும்தான். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இளவரசி கட்டிய கோயில் என்று நாங்கள் பெருமைப்படும் அந்த மாவிட்டபுரத்தில்தான் 1968இல் ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் உள்ளே போக அனுமதி கேட்டு வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. தீர்த்தத்துக்கு நோய் தீர்க்கும் வல்லமை உண்டா என்று வாதாடுவதற்கு முன், அதற்குள் யாரை இறங்க விட்டார்கள் என்று கேட்பது நல்லது. இந்தக் கேள்வி எங்கள் ஊருக்கு மட்டும் உரியதில்லை.

நோர்வேக்காரருக்கும் கீரிமலைகள் உண்டு. புனித ஊலாவின் பெயரில் நாடெங்கும் ஊற்றுகள் இருந்தன. நோயாளிகள் யாத்திரை போனார்கள். மருத்துவர் ஹைன்ரிக் ஆர்னல்ட் தௌலோவ் 1837இல் சாண்டபியோர்ட் நகரில் கந்தக நீரையும் கடற்சேற்றையும் வைத்து ஒரு குளியல் நிலையத்தைத் தொடங்கினார். மூட்டுவாதக்காரருக்கு ஜெலிமீனை உடம்பில் வைத்துச் சுணைக்க விடுவதும் அங்கே ஒரு வைத்தியம். (ஊரில் சொறிமுட்டை பட்டால் நாங்கள் அழுதுகொண்டு ஓடுவோம், இங்கே காசு கொடுத்திருக்கிறார்கள்.) 1857இல் அவரே மோடும் என்ற இடத்தில், புனித ஊலாவின் ஊற்றுக்குப் பக்கத்தில், இன்னொரு நிலையத்தைத் தொடங்கினார். அதே நூற்றாண்டில் சிலேசியாவில் வின்சென்ஸ் பிரீஸ்னிற்ஸ் குளிர்ந்த நீரால் எல்லா நோயையும் விரட்டலாம் என்றார். பவேரியப் பாதிரியார் செபஸ்தியான் க்னைப் 1886இல் எழுதிய நீர் வைத்திய நூல் உலகம் சுற்றியது. லூயி கூனேயின் இடுப்புக் குளியலைக் காந்தி தென்னாபிரிக்காவிலேயே பிடித்துக்கொண்டார். அவர் வழியாக அது தமிழ்நாட்டு இயற்கை வைத்தியர்களிடமும் பரவியது.

இவர்கள் எல்லோரும் கீரிமலைக் கதையின் பிள்ளைகளே. நீருக்குள் ஏதோ இருக்கிறது, அது உடம்புக்குள் போய் நோயைப் பிடுங்குகிறது என்ற நம்பிக்கை. நடக்க முடியாதவரை நீருக்குள் நடக்க விடுவது என்ற எண்ணம் வர இன்னொரு நூற்றாண்டு பிறக்க வேண்டியிருந்தது. அதைக் கொண்டுவந்தது போலியோ.

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1921 ஓகஸ்டில், 39 வயதில், இடுப்புக்குக் கீழே வாதம் வந்தது. 1924 ஒக்டோபரில் அவர் ஜோர்ஜியா மாநிலத்தின் வோர்ம் ஸ்பிறிங்ஸ் என்ற, களையிழந்துபோன பழைய உல்லாச விடுதிக்குப் போனார். போலியோ வந்த ஓர் இளைஞன் அங்கே தொடர்ந்து நீந்தி, ஊன்றுகோலுடன் நடக்கத் தொடங்கினான் என்று கேள்விப்பட்டிருந்தார். நிலத்துக்குள்ளிருந்து ஏறத்தாழ 31 பாகைச் சூட்டில் வரும் நீர். கரையில் இரும்புச் சட்டம் இல்லாமல் நிற்க முடியாத கால்கள் நீருக்குள் அசைந்தன. ஒரு பத்திரிகை அவரைப் பற்றி எழுதியதும், அழைப்பில்லாமலே போலியோக்காரர்கள் புகையிரதம் ஏறி அங்கே வந்து இறங்கினார்கள். ஏற்கெனவே அங்கே தங்கியிருந்த பணக்கார விருந்தினர் சிலர் தொற்றிவிடும் என்று முகம் சுளித்தார்கள். ரூஸ்வெல்ட் வந்தவர்களுக்குத் தானே நீருக்குள் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். 1926இல் தன் சொத்தின் பெரும்பகுதியைப் போட்டு அந்த இடத்தை வாங்கினார். அடுத்த ஆண்டு அது ஓர் அறக்கட்டளை ஆனது.

அவர் கடைசிவரை துணையில்லாமல் நடக்கவில்லை. 1945 ஏப்ரல் 12ஆம் திகதி அதே வோர்ம் ஸ்பிறிங்ஸில்தான் இறந்தார். சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து அதே திகதியில் சோக் தடுப்பூசி பயனளிக்கிறது என்ற அறிவிப்பு வந்தது. அதற்குப் பணம் திரட்டியது அவர் 1938இல் தொடங்கிய நிதியம். ஆக அந்த ஊற்று அவரது கால்களைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் அங்கே வந்த நூற்றுக்கணக்கானோர் முதன்முறையாகத் தங்களைப் போன்றவர்கள் நிறைந்த ஓர் இடத்தைக் கண்டார்கள். சாய்தளங்கள் இருந்தன. சாப்பாட்டு மேசைக்குச் சக்கர நாற்காலியில் போவது அங்கே வழக்கம்.

ஒரு விதிவிலக்கோடு. கறுப்பின நோயாளிகளுக்கு வோர்ம் ஸ்பிறிங்ஸில் இடமில்லை. துண்டுகளைத் துவைத்தவர்களும் தள்ளுவண்டி தள்ளியவர்களும் கறுப்பினத்தவர்களாக இருக்கலாம்; நீருக்குள் இறங்க முடியாது. கண்டனம் கூடியபோது குளத்தைத் திறக்கவில்லை. 1941 ஜனவரியில் அலபாமாவின் டஸ்கீகியில் அவர்களுக்கென்று தனியாக ஒரு போலியோ நிலையம் திறந்தார்கள். மாவிட்டபுரத்து வாசலை நினைத்துக்கொண்டு இதைப் படித்தேன்.

அந்தக் காலத்து மருத்துவம் போலியோக் காலை அசைய விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சாந்துக்கட்டு, மரச்சட்டம், மாதக்கணக்கில் அசையாத படுக்கை. அவுஸ்திரேலியத் தாதி எலிசபெத் கென்னி சூடான ஈரக் கம்பளியால் தசையைச் சுற்றி, பிறகு காலை அசைக்க வேண்டும் என்று சொன்னபோது மருத்துவர்கள் ஆண்டுக்கணக்கில் அவருடன் சண்டை பிடித்தார்கள். லொஸ் ஏஞ்சலிஸில் எலும்பு மருத்துவர் சார்ள்ஸ் லோமன் 1920களில் தன் மருத்துவமனையிலிருந்த அல்லிக்குளத்தையே சிகிச்சைத் தடாகமாக மாற்றிவிட்டார். அல்லியைப் பிடுங்கிவிட்டுப் பிள்ளைகளை இறக்கினார்.

நீருக்குள் நடப்பது என்ன? இடுப்பளவு நீரில் நிற்கும் ஒருவரின் கால்கள் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழப் பாதி. நெஞ்சளவில் மூன்றிலொன்று அல்லது அதற்கும் கீழே. கழுத்தளவில் பத்திலொன்று. எழுபது கிலோ மனிதர் ஒரு குழந்தையின் பாரத்தோடு நிற்கிறார். கரையில் உடம்பைத் தூக்க முடியாத தசைக்கு இது போதும். மெதுவாக அசைத்தால் நீர் வழிவிடும், வேகமாக அசைத்தால் எதிர்க்கும். ஆகவே பாரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் பயிற்சி செய்பவரின் கையிலேயே இருக்கிறது. நாலு பக்கமும் நீர் அழுத்துவதால் கால் வீக்கம் வடியும். விழுந்தாலும் மெல்லத்தான் விழலாம், எலும்பு முறியாது. விழுந்துவிடுவேனோ என்ற பயத்திலேயே உடம்பை இறுக்கி வைத்திருப்பவருக்கு இது சின்ன விடயம் இல்லை.

சூட்டுக்கும் கணக்கு உண்டு. நீச்சல் வீரர்களின் தடாகம் 26, 27 பாகையில் இருக்கும். அதில் மெதுவாக அசையும் ஒருவர் பத்து நிமிடத்தில் நடுங்குவார், தசை இறுகும். சிகிச்சைத் தடாகத்துக்கு 32 முதல் 34 பாகை வேண்டும். போலியோ பாதித்த காலுக்குக் குளிர் பரம விரோதி. ஆனால் எல்லோருக்கும் சூடு நல்லதென்று எடுத்துக்கொள்ளக்கூடாது. மல்ட்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் என்ற நரம்பு நோய் உள்ளவர்களுக்கு உடல் சூடானால் பலவீனம் கூடும். ஜேர்மன் கண் மருத்துவர் ஊட்ஹொஃப் 1890இலேயே, உடலை வருத்திய பின் இவர்களின் பார்வை தற்காலிகமாக மங்குவதைக் கவனித்தார்; சூடுதான் காரணம் என்பது பின்னரே தெளிவானது. அவர்களுக்குக் கொஞ்சம் குளிர்ந்த நீர்தான் வேண்டும். இதயம் பலவீனமானவர், ஆறாத புண் உள்ளவர், வலிப்பு உள்ளவர் வைத்தியரைக் கேட்காமல் இறங்கக்கூடாது. எல்லா நோய்க்கும் ஒரே தீர்த்தம் என்ற காலம் போய்விட்டது.

இந்த இயக்கவியலைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தவர் மருத்துவர் அல்லர், ஒரு பொறியியலாளர் என்பதில் எனக்கு ஒரு தொழில்சார்ந்த மகிழ்ச்சி. ஜேம்ஸ் மக்மிலன் 1949இல் வட லண்டனின் ஹலிவிக் பாடசாலையில், உடற்குறையுள்ள சிறுமிகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். மிதவை எதையும் கட்டவில்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் நீருக்குள் துணையாக நின்றார். ஒரு கால் சூம்பிய உடல் நீரில் நேராகக் கிடக்காது என்பதை அவர் கணக்காகப் பார்த்தார். தசை வற்றிய கால் இலேசு, மேலே வரும். பாரமான பக்கம் கீழே உருளும். வாய் நீருக்குள் போகும். பிள்ளை பயந்துபோய் இனி வரமாட்டேன் என்று அழும். ஆகவே கைவீசி நீந்துவதைக் கடைசிக்குத் தள்ளிவைத்தார். முதலில் நீர் முகத்தில் படும்போது ஊதக் கற்க வேண்டும். பிறகு மல்லாந்து கிடந்த நிலையிலிருந்து எழுந்து நிற்க, பிறகு பக்கவாட்டில் உருளும் உடலைத் தலையின் திருப்பத்தால் நிறுத்த. உருளுவதை நிறுத்தத் தெரிந்த பிறகு நீச்சல் தானாக வரும். பத்துப் படிகளாக அது வகுக்கப்பட்டது. 1952இல் இதற்கென்று பிரித்தானியாவில் ஒரு சங்கமே உருவானது. இன்று உலகம் முழுவதும் ஹலிவிக் முறை என்றே பெயர்.

பழைய குளியல் நிலையங்களுக்கும் இதற்கும் இடையிலான வேறுபாடு பெரிது. தௌலோவின் தொட்டியில் நோயாளி கிடந்தார், பணியாளர் தேய்த்தார். மக்மிலனின் தடாகத்தில் அந்தப் பிள்ளைதான் வேலை செய்கிறாள். கரைக்கு ஏறினால் அவளது கால் பழைய கால்தான். நீருக்குள் மட்டும் அவளை யாரும் தூக்கிச் செல்ல வேண்டியதில்லை.

நோர்வேயில் போலியோ கடைசியாகப் பெரிதாக அடித்தது 1950களின் தொடக்கத்தில். 1951 மிக மோசமான ஆண்டு. அதில் தப்பிய பிள்ளைகள் வளர்ந்து, வாயைத் திறந்து கேட்கத் தொடங்கிய காலத்தில்தான் இங்கே பெரிய மாற்றங்கள் வந்தன. பார்வையிழந்த இசைக்கலைஞர் எர்லிங் ஸ்டூர்டால் 1964இல் பார்வையற்றோருக்கான பனிச்சறுக்கு ஓட்டத்தைத் தொடங்கினார்; 1970இல் பெய்டொஸ்டோலன் மலையூரில் உடற்குறை உள்ளவர்களுக்கான விளையாட்டு மருத்துவ நிலையத்தைத் திறந்தார். பனி, குதிரை, தடாகம் எல்லாம் அங்கே சிகிச்சைக்குள் வந்தன. வடக்குக்கென்று 1982இல் வால்னெஸ்பியோர்டில் அப்படியான நிலையம் வந்தது. வடக்கு என்று சொல்லிவிடுவது எளிது. ஹம்மர்பெஸ்டிலிருந்து அங்கே நேர்கோட்டில் அளந்தாலே 500 கிலோமீற்றர். பின்மார்க் மாகாணம் பரப்பில் இலங்கையில் ஏறத்தாழ முக்கால்வாசி. சனத்தொகை எழுபத்தையாயிரம் அளவில்தான். இவ்வளவு சிறிய கூட்டத்துக்கு இவ்வளவு பெரிய நிலத்தில் எங்கே தடாகத்தைக் கட்டுவது, யார் சூடாக்குவது என்பது அங்கே ஓயாத பேச்சு. 2022இல் மின்சார விலை ஏறியபோது நாட்டின் தெற்கில் பல நகரசபைகள் தடாகத்தின் சூட்டைக் குறைத்தன, சில மூடின. வடக்கில் அப்போது மின்சாரம் மலிவு. தடாகம் இருந்த தெற்கில் சூடாக்கக் காசில்லை, சூடாக்க முடிந்த வடக்கில் தடாகம் தூரம்.

நோர்வே இன்னொன்றையும் செய்தது. 1976 முதல் அரசு செலவில் நோயாளிகளை வெப்ப நாடுகளுக்கு அனுப்பிவருகிறது. மூட்டுவாதம், சொரியாசிஸ், பிள்ளைகளின் நுரையீரல் நோய், போலியோவின் பிற்கால விளைவுகள் ஆகியவை அந்தப் பட்டியலில் உண்டு. முதலில் போன இடங்களில் ஒன்று, அன்றைய யூகோஸ்லாவியாவின், இன்றைய மொன்ரனீக்ரோவின், இகாலோ. மார்ஷல் டிட்டோவும் சிகிச்சைக்கு வந்துபோன கடற்கரை. உல்லாசப் பயணத்துக்கு மக்கள் பணமா என்று கேட்டவர்கள் இல்லாமலில்லை. சூரியன் வேலை செய்கிறதா, பயிற்சி வேலை செய்கிறதா என்பது நியாயமான கேள்விதான். 2003இல் வெளியான ஒரு நோர்வே ஆய்வு, போலியோவின் பிற்கால விளைவு உள்ளவர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியினரைத் தெனெரீபே தீவிலும் இன்னொரு பகுதியினரை நோர்வேயிலும் நாலு வாரம் பயிற்றுவித்தது. தடாகப் பயிற்சி இரண்டிலும் உண்டு. இரு பகுதியினரும் முன்னேறினார்கள். வெப்ப நாட்டுக்குப் போனவர்களிடம் அந்த முன்னேற்றம் கூடுதல் காலம் தங்கியது. அதற்கு முன் 2001இல் சுவீடனின் கோத்தன்பர்க் ஆய்வாளர்கள், இளஞ்சூட்டு நீரில் மாதக்கணக்கில் பயிற்சி செய்த போலியோக்காரருக்கு வலி குறைந்ததையும், அதே வேலையை இதயம் குறைந்த துடிப்பில் செய்ததையும் கண்டார்கள். தசையின் பலம் கூடவில்லை. நேர்மையான முடிவு. நீர் நரம்பை முளைக்க வைக்காது.

அண்ணையின் வலக்காலுக்கு என்ன நடந்தது என்பதும் இங்கேதான் விளங்குகிறது. போலியோக் கிருமி முள்ளந்தண்டு வடத்தில் தசையை இயக்கும் நரம்புக் கலங்களைக் கொல்கிறது. தப்பிய கலங்கள் புதுக்கிளை விட்டு, அநாதையான தசைநார்களையும் தத்தெடுக்கின்றன. ஒரு கலம் பல கலங்களின் வேலையைப் பார்க்கிறது. முப்பது நாற்பது வருடம் அப்படிச் சுமந்த பிறகு அவை களைத்து, கிளைகளை ஒவ்வொன்றாகக் கைவிடுகின்றன. நல்ல கால் என்று நினைத்திருந்ததும் கொஞ்சம் தொற்றிய காலாகவே இருந்திருக்கலாம். அதனால்தான் இவர்களுக்கு உடற்பயிற்சி நிலையத்தில் பாரம் தூக்கச் சொல்வது ஆபத்து. களைப்பு வருவதற்கு முன் நிறுத்த வேண்டும். நீர் அந்த அளவைப் பிடிக்க உதவுகிறது.

தமிழர் நோர்வேக்கு வந்த கதை பலருக்குத் தெரியும். யாழ்ப்பாணத்து அன்ரனி இராஜேந்திரம் 1956இல் வந்தார், பிறகு சீநோர் மீன்பிடித் திட்டம் ஊரில் எழுந்தது, எழுபதுகளிலும் எண்பதுகளிலும் மக்கள் உயர்கல்லூரிகளுக்கு மாணவராக வந்தோர், பின் அகதிகளாக வந்தோர். எண்பதுகளின் இறுதியில் பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகள் எங்கள் ஆட்களால் ஓடின. ஊரில் மீன்பிடிப்பதைக் கீழாகப் பார்த்த சிலரும் இங்கே மீன் வெட்டினார்கள். அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். தொண்ணூறுகளில் பெரும்பாலோர் பிள்ளைகளின் படிப்புக்காக ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டோம். அந்தத் தலைமுறையின் முழங்கால், தோள், விரல் மூட்டுகள் இப்போது கணக்குக் கேட்கின்றன. அவர்களுக்குள் போலியோக்காரரும் உண்டு, ஷெல்லில் காலிழந்தவரும் உண்டு.

நோர்வேயில் பிறந்தவர்களிடையே போலியோ ஒரு முதியோர் நோயாகிவிட்டது. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல், இந்தியாவில் 2011இல். ஆகவே இந்நாட்டில் இனிமேல் இருக்கப்போகும் போலியோக்காரர் பெரும்பாலும் எங்களைப் போல வந்தவர்கள்தான். 1951இன் பிள்ளைகள் போராடிப் பெற்ற பயணங்களும் தடாக நேரங்களும் அவர்களோடு முடிந்துபோகாமல் இருக்க வேண்டுமானால், பின்னால் வருகிறவர்கள் அதைக் கேட்க வேண்டும். எங்கள் ஆட்கள் கேட்பதில்லை. உரிமை உண்டென்று தெரியாதவர் பாதி. தெரிந்தும் போகாதவர் பாதி. காரணங்களை ஒவ்வொரு வீட்டிலும் கேட்டிருக்கிறேன். தண்ணீர் சேராது, சளி பிடிக்கும். சூம்பின காலை வேட்டிக்கும் காற்சட்டைக்கும் பின்னால் அறுபது வருடம் ஒளித்துவைத்தவர் நீச்சலுடையில் நிற்க வேண்டும். அதற்கும் முதல் எல்லோர் முன்னிலும் உடுப்பில்லாமல் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். இந்நாட்டுத் தடாகங்களில் அது கட்டாயம். அக்காமாருக்கு இது இன்னும் கடினம். தனி அறை கேட்டால் பல இடங்களில் தருவார்கள், கேட்க வேண்டும். கேட்பதற்கு மொழி வேண்டும், அல்லது ஒரு பிள்ளை கூடப் போக வேண்டும். அந்தப் பிள்ளைக்கே அப்பாவின் கால் பற்றி வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். வருத்தம், செய்வினை, முற்பிறப்பு என்று மூடி வைத்த விடயம். மாருதப்புரவீகவல்லிக்காவது ஒரு கதை இருந்தது.

அண்ணையை அவரது மகள்தான் ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டிக்கொண்டு போனாள். மறுவாரம் நானும் போய்க் கரையில் இருந்தேன். அந்தத் தடாகத்துக்குத் தளத்தை உயர்த்தவும் தாழ்த்தவும் முடியும். தளம் கரை மட்டத்துக்கு வந்து நிற்கும். ஊன்றுகோலோடு நடந்து போய் நடுவில் நிற்கலாம். பிறகு இயன்மருத்துவர் ஒரு பொத்தானை அழுத்துவார், தளம் மெல்ல இறங்கும், நீர் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஏறும். படி ஒன்றும் இல்லை. அண்ணை இரண்டு கையாலும் கரைக்கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நெஞ்சுக்கு நீர் வந்தபோது ஒரு கையை எடுத்தார்.

பக்கத்தில் ஒரு நோர்வே அம்மா நின்றார், எண்பதை நெருங்குகிறவர். அண்ணையின் காலை ஒளிவில்லாமல் பார்த்துவிட்டு, எந்த வருடம் என்று கேட்டார். அறுபத்துநாலு என்றார் அண்ணை. எனக்கு ஐம்பத்தொன்று, வலக்கால் என்றார் அவர். பிறகு, வேலை என்ன செய்தாய் என்றார். ஹம்மர்பெஸ்டில் மீன் என்றதும் அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்து, நின்றுகொண்டா என்று கேட்டார்.

வீட்டுக்கு வரும்போது காரில் அண்ணை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சோப்புப் போட்டுக் குளிக்கச் சொல்கிற சட்டத்தைத்தான் வழி முழுக்கத் திட்டிக்கொண்டு வந்தார். இறங்கும்போது மட்டும், அடுத்த செவ்வாய் எத்தனை மணிக்கு என்று மகளிடம் கேட்டார்.